அவங்க சொல்லட்டும்

தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. லேபிலிருந்து ரிப்போர்ட்டுகள் வார்டு கம்ப்யூட்டருக்கு வரவில்லை என்று, நெட்வொர்க் வேலை பார்க்கும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வார்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர் எதையும் அனுப்பும் முன், "இந்த முகவரி யாருடையது?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூவும். அந்த முகவரிக்கு உரிய கம்ப்யூட்டர் "நான்தான்" என்று சொல்ல வேண்டும். தூரத்தில் இருப்பவற்றுக்காக ரவுட்டரே பதில் சொல்வதும் உண்டு, வசதிதான். ஆனால் புதிதாக மாட்டிய இந்த ரவுட்டர், பக்கத்திலேயே இருந்த வார்டு கம்ப்யூட்டருக்காகவும் முந்திக்கொண்டு பதில் சொன்னது. ரிப்போர்ட்டுகள் அதனிடம் போய்த் தொலைந்தன.

அருகில் கட்டிலில் ஓர் அம்மா படுத்திருந்தார்.

"நெஞ்சு வலிக்குதாம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல சிஸ்டர், வெறும் கேஸ் ட்ரபிள்தான்," என்றார் கணவர்.

"கை மரத்துப்போகுதா?"

"இல்ல சிஸ்டர்."

ஒவ்வொரு கேள்விக்கும் அந்த அம்மா கணவரின் முகத்தையே பார்த்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சார், கொஞ்சம் சும்மா இருங்க. அவங்க சொல்லட்டும்!"

என் சத்தத்தைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

"இடது கை காலைலேருந்து மரத்துக் கெடக்கு சிஸ்டர்," என்றார் அந்த அம்மா மெதுவாக. நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

ரவுட்டரில் மற்றவர்களுக்காகப் பதில் சொல்லும் அந்த செட்டிங்கை அணைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து நிம்மதி இல்லை. யாரைக் கேட்டால் யார் பதில் சொல்கிறார்கள் என்றே கவனிக்கிறேன்.

போன வாரம் மாடம்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா என் மகளிடம், "பிளஸ் ஒன்ல என்ன குரூப் எடுக்கப்போற?" என்று கேட்டார். பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

மகள் அக்காவைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.