பெண் பார்க்க வந்த ஒடிசாக்காரர்கள்

என் அக்கா ஏஞ்சலுக்குக் காது கேட்காது. மற்றவர்களுக்கு வாய் ஓயாது, இவளுக்குக் கை ஓயாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், தயாரான பொருளைச் சரிபார்த்து அனுப்புகிற வேலை. அங்கே அவளைப் போல இன்னும் பத்துப் பேர். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் அவர்கள் மேஜையைப் பார்க்க வேண்டும், அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் பேசும். மேனேஜரை எப்படிக் கிண்டல் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

சைகை மொழி எனக்கும் அத்துப்படி. அக்காவோடு சண்டை போடவாவது கற்றுக்கொள்ள வேண்டாமா? உலகம் முழுக்க ஒரே சைகைதானே என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அமெரிக்காவுக்கும் லண்டனுக்கும் இங்கிலீஷ் ஒன்று, சைகை வேறு. நமக்கோ தமிழும் ஒடியாவும் வேறு, சைகை ஒன்று. இடத்துக்கு இடம் சில சொல் மாறும், அவ்வளவுதான்.

அதனால்தான் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த சாலமோன், முதல் நாளே அந்த மேஜையில் உட்கார்ந்து அக்காவோடு அரட்டை அடித்தான். அவனுக்கும் காது கேட்காது. கூட வந்த காது கேட்கிற பையன்கள் டீ கேட்கவே ஆறு மாதம் திண்டாடினார்கள்.

இரண்டு வருடத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. எங்கள் நைனா பீட்டர் முறுக்கிக்கொண்டார். ஒடிசாவுக்குக் கூட்டிப் போய்விட்டால் மகளை எங்கே போய்ப் பார்ப்பது என்பதுதான் அவர் பயம். அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கடைசியில் நைனா, அவன் அப்பா வரட்டும், நேரில் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாலமோன் தன் அப்பாவோடும் அண்ணனோடும் வந்தான். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வாய்ப்பேச்சில் ஒடியா மட்டும்தான் தெரியும். உரக்கச் சொன்னால் புரியும் என்று நைனாவுக்கு எண்ணம். கேசரி சாப்பிடுங்கள் என்று அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது. அந்தப் பெரியவரும் பதிலுக்கு ஒடியாவில் கத்தினார். காது கேட்கிற இரண்டு பேர் கத்த, கேட்காத இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வழி கண்டுபிடித்தது அக்காதான். சாலமோனின் அண்ணனுக்கும் சைகை தெரியும். பெரியவர் ஒடியாவில் சொன்னதை அண்ணன் கையால் சொன்னார், அதை நான் தமிழில் சொன்னேன். நைனா சொன்னது அதே வழியில் திரும்பிப் போனது. மழை, நெல், கேசரிக்குச் சர்க்கரை என்று அரை மணி நேரம் பேச்சு ஓடியது. பிறகு நைனா விஷயத்துக்கு வந்தார்.

"எம்பொண்ண இங்கேந்து இட்டுக்கினு போவ மாட்டேன்னு அவர சொல்லச் சொல்லு."

எனக்குக் கை எழவில்லை. நைனாவின் வாயசைவிலேயே புரிந்துகொண்ட அக்கா, அப்படியே சொல் என்று கையால் அதட்டினாள். சொன்னேன்.

பெரியவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். அண்ணனின் கைகளைப் பார்த்து நான் தமிழில் சொன்னேன்.

"ஊருக்கு இட்டுக்கினு போயி இன்னா பண்றது? அங்க எம்புள்ள கூடப் பேச, அவன் அண்ணன வுட்டா ஆளில்ல. நானே கத்துக்கல. இங்க அவனுக்குப் பேச இத்தினி பேர் கீறாங்க. நாந்தான் ரயிலேறி வரணும்."

நைனா திரும்பி அக்காவைப் பார்த்தார். சாப்பிட்டாயா, பஸ் வந்ததா என்பதற்கு மேல் இருபத்தாறு வருடத்தில் அவரும் மகளிடம் கையால் எதையும் பேசியதில்லை. மற்றதெல்லாம் என் வழியாகத்தான். அந்தக் கோபம் எனக்கு எப்போதும் உண்டு, அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

என்னை நகரச் சொல்லிவிட்டு அக்காவின் எதிரில் வந்து உட்கார்ந்தார். தாலி கட்டுவதைக் காட்டத் தன் கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினார், சாலமோனைக் காட்டினார், சம்மதமா என்று புருவத்தை உயர்த்தினார். பார்க்க, அவனைத் தூக்கில் போடலாமா என்று கேட்பது போல இருந்தது. சாலமோன் மிரண்டு போனான்.

அக்கா சிரித்தாள், அழுதாள். அவர் கைகளைப் பிடித்து விரல்களைச் சரியாக மடக்கி, கல்யாணம் என்பதை எப்படிச் சொல்வது என்று காட்டினாள். பிறகு தன் கையால் மெதுவாக, நீளமாக அவருக்குப் பதில் சொன்னாள்.

அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த நைனா, அவள் என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்கவில்லை.