கிணற்றறை, மேல்தட்டு, இடமிருந்து எட்டு

ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்து போனை எடுத்தேன். சொக்கலிங்கம் சாரின் எண்ணிலிருந்து ஒரு செய்தி. காலையிலேயே ஏதோ நையாண்டி அனுப்பியிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே திறந்தேன். அனுப்பியிருந்தது அவர் மகள். "அப்பச்சி தவறிட்டாக." தந்தையை அவள் அப்படித்தான் அழைப்பாள். செருப்பை மாட்டாமல் அப்படியே நின்றேன்.

காரைக்குடியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் பொருளாதாரப் பேராசிரியர். வீட்டுக்குப் போனவர்களுக்கு புத்தகக் கிறுக்கர். ஓய்வுபெற்றபின் தன் புத்தகங்களை ஒவ்வொன்றாக வாசித்து, ஒற்றை விரலால் மடிக்கணினியில் குறிப்பெடுத்தார். ஒருமுறை கண்மாய்ப் பாசனம் பற்றிக் கேட்டேன். ஒரு சொல்லைத் தட்டினார். "மேலே எழுதியது தப்பு. கிணற்றறை, மேல்தட்டு, இடமிருந்து எட்டு, பக்கம் 112" என்று திரையில் வந்தது. நான் காபியைக் குடித்து முடிப்பதற்குள் கிணற்றை ஒட்டிய அறைக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து, பக்கத்தை விரித்து நீட்டினார்.

"புத்தகத்தோட பேரையும் எழுதி வைங்க சார்" என்றேன்.

"பேரு எதுக்கு டீச்சர் கேக்குறீக? வீடு எங்குட்டுப் போயிரப் போகுது?"

வீடு எங்கும் போகவில்லை. ஆனால் அது பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான வீடு. காரியத்துக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் தங்குவதற்காக அறைகளை ஒழித்தார்கள். புத்தகங்களையெல்லாம் கூடத்துக்குக் கொண்டுவந்து, உயரம் பார்த்து அடுக்கிவிட்டார்கள். சாரின் மனைவி மீனாட்சி ஆச்சி என் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினார்.

"தூசி தட்டி எம்புட்டு அழகா வச்சிருக்காக, பாத்தீகளா? அவுக இருந்தா சந்தோசப்பட்டிருப்பாக."

"ஆமா ஆச்சி" என்றேன். வேறென்ன சொல்ல?

"ஸ்டெல்லா டீச்சர் பாத்துக்குவாகன்னு அப்பச்சி சொன்னாக" என்று மகள் மடிக்கணினியை என்னிடம் கொடுத்துவிட்டாள். திறந்தால் குறிப்புக்கு மேல் குறிப்பு. எல்லாம் ஏதோ ஓர் அறையையும் தட்டையும் காட்டுகின்றன. அங்கே போய்ப் பார்த்தால் யாரோ ஒருவரின் சூட்கேஸ் இருக்கிறது. எந்தக் கருத்து யாருடையது, எது எதை மறுக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, கைக்கு வந்த புத்தகத்திலெல்லாம் 112ஆம் பக்கத்தைப் புரட்டினேன். அந்தக் கண்மாய்ப் புத்தகம்கூட அகப்படவில்லை. அவர் வாசித்ததெல்லாம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது, எனக்கோ அழுகைதான் வருகிறது. அவரை அறிந்த உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

நேற்று வேறொன்றும் தோன்றாமல் என் பெயரைத் தட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு குறிப்பு வந்தது.

"ஸ்டெல்லா டீச்சர் வீடு, சன்னலோரம். இன்னும் வாசிக்கிறாக. திருப்பிக் கேட்க வேண்டாம்."

எழுந்து போய்ப் பார்த்தேன். போன வருடம் வந்தபோது அவர் கொடுத்துவிட்டுப் போன புத்தகம், அதே சன்னலோரத்தில்தான் இருந்தது. அவர் குறித்துவைத்த இடத்தில் இன்னும் இருப்பது அது ஒன்றுதான். சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அதுதான். வாசித்து முடித்தாலும் அதை அங்கிருந்து நகர்த்த மாட்டேன்.