பத்து நிமிஷம் தாங்கணும்

தாயுமானவன் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். சொந்த ஊர் மண்ணச்சநல்லூர். முப்பத்தொரு வயதில் அவனைப் பற்றி எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கையில் ஒரு வேலையை எடுத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. அதே ஆள், சாப்பிடும்போது போன் அடித்தால் சோற்றைப் பிசைவதா போனை எடுப்பதா என்று குழம்பி, இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருப்பான்.

சௌமியாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது, கட்டில் பீரோவோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்து இறங்கியது. அதை மட்டும் சௌமியா யாரையும் தொடவிடவில்லை. தானே இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு படியேறினாள். அவள் மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். ஏதோ கடைக் கணக்குப் போடத்தான் என்று தாயுமானவன் நினைத்துக்கொண்டான்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே உண்மை தெரிந்துவிட்டது. காலை பதினொரு மணிக்கு அவன் குளித்துக்கொண்டிருந்தபோது அறையிலிருந்து ஒரே அலறல். "மேற்கால வராங்க! ஜெஸ்லின், யானைய அனுப்புடி! சீக்கிரம்!" தலையில் ஷாம்பூ நுரையோடு ஓடிவந்தான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையை முறைத்தபடி சௌமியா உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு குட்டி ஊர். வயல், கோயில், ஆறு. ஊருக்கு வெளியே யானைகள் மோதிக்கொண்டிருந்தன.

பழங்கால நாகரிகங்களை வைத்து ஆடும் ஆட்டம் அது. எகிப்து, பாபிலோன், பாரசீகம் என்று ஆளுக்கொன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நாலைந்து ஆட்களோடு தொடங்கி, மரம் வெட்டி, ஆடு பிடித்து, கல்லும் தங்கமும் தோண்டி, ஊரைப் பெரிதாக்கி, படை திரட்டி எதிராளியின் ஊரை அழிக்க வேண்டும். சீட்டாட்டம் மாதிரி முறைவைத்து ஆடுவது கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடுவார்கள். ஒரு நொடி அசந்தால் போச்சு. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது பக்கத்து வீட்டு ஜெஸ்லினோடும் எதிர்வீட்டு சித்தார்த்தனோடும் சௌமியா ஆடத் தொடங்கிய ஆட்டம். இப்போது ஜெஸ்லின் கோயம்புத்தூரில், சித்தார்த்தன் பெங்களூரில். ஞாயிறு தவறினாலும் ஆட்டம் தவறாது. சௌமியாவும் ஜெஸ்லினும் ஒரு பக்கம். சித்தார்த்தனும் அவனுடைய ரூம்மேட் அஜித்தும் எதிர்ப்பக்கம்.

நாலு மாதம் தாயுமானவன் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தான். அப்புறம் ஜெஸ்லினுக்குக் குழந்தை பிறந்தது. "ஆறு மாசத்துக்கு என்னைக் கூப்பிடாத" என்று சொல்லிவிட்டாள். அந்த ஞாயிறு பதினொரு மணிக்கு சௌமியா கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தாயுமானவனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"நான் வரட்டுமா?"

"எங்க?"

"ஆட்டத்துக்கு. கத்துக் குடு."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "திட்டுவேன், பரவால்லயா?"

அன்று சாயங்காலமே நண்பன் ஒருவனிடமிருந்து பழைய லேப்டாப் ஒன்றை வாங்கிவந்து உட்கார்ந்தான். முதல் ஆளை மரம் வெட்ட அனுப்பினான். அந்த ஆள் கோடாலியை ஓங்கி ஓங்கி வெட்டுவதை ரசித்துப் பார்த்தான்.

"அவன் வெட்டுவான். நீங்க நின்னு பாக்க வேண்டாம். அடுத்த ஆளுக்கு வேலை குடுங்க."

அடுத்த ஆளை ஆற்றுக்கு அனுப்பிவிட்டு அவன் மீன் பிடிப்பதைப் பார்த்தான். பதினைந்தாவது நிமிடம் கம்ப்யூட்டரின் படை வந்தது. இருப்பதிலேயே சுலபமான நிலைதான் அது. வந்து ஊரைச் சாம்பலாக்கிவிட்டுப் போனது. செத்த ஒன்பது பேரில் ஏழு பேர் வேலையே இல்லாமல் நின்றவர்கள். கேவலமான தோல்வி. ஆனாலும் அவன் வாயில் வந்தது, "இன்னொரு தடவ!"

மூன்று வாரம் அதே பேச்சுதான். வண்டியில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது ஆட்டுக்கு ஆறு பேர், மரத்துக்கு நாலு பேர் என்று கணக்குப் போட்டான். பணிமனையில் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கும் முகமது யூசுப் தோளைத் தட்டினார். "என்னப்பா, வாய்க்குள்ளயே எதையோ எண்ணிட்டிருக்க?"

"ஆடுங்க பாய்."

"பக்ரீத் குர்பானிக்கா? அதுக்கு இன்னும் நாள் கெடக்கே!"

அவனுக்கு எப்போதும் மறந்துபோவது வீடு. வீடு கட்டினால்தான் புது ஆட்கள் பிறப்பார்கள். இல்லையென்றால் ஊர் அப்படியே நின்றுவிடும். ஒரு நாள் நாலாவது முறையாக நின்றுபோனபோது சௌமியா பொறுமையிழந்து கத்தினாள்: "டேய், வீட்ட கட்டுடா!"

கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, சாரிங்க. ஜெஸ்லின், சித்துகிட்ட கத்துற பழக்கம்."

தாயுமானவன் காதுவரை சிரித்தான். ஐந்து மாதத்தில் அவள் இவ்வளவு உரிமையாக அவனைக் கூப்பிட்டதில்லை. "ஆட்டத்துல அப்படியே கூப்பிடு. அப்பதான் மண்டைல ஏறுது."

சித்தார்த்தனோடும் அஜித்தோடும் மோதும் ஞாயிறும் வந்தது. அதற்கு முன்பே சௌமியா சொல்லி வைத்திருந்தாள். "நீங்க புதுசுன்னு தெரியும். ரெண்டு பேரும் மொதல்ல உங்க மேலதான் பாய்வாங்க. பாபிலோன் எடுத்துக்கங்க, மதில் கெட்டியா இருக்கும். பத்து நிமிஷம் தாங்கணும். அதுக்குள்ள நான் எகிப்து ரதங்கள ரெடி பண்ணிடுவேன்."

"வணக்கம்ணே!" என்றான் சித்தார்த்தன் ஹெட்போனில். "பதமாத்தான் அடிப்போம், பயப்படாதீங்க." அஜித் பின்னாலிருந்து சிரித்தான்.

பன்னிரண்டாவது நிமிடம் சித்தார்த்தனின் சிவப்புக் குதிரைகளும் அஜித்தின் பச்சைக் குதிரைகளும் ஒன்றாக வந்து அவன் மதிலில் மோதின. தாயுமானவன் ஆட்களை மதிலுக்கு உள்பக்கம் நிறுத்திப் பழுது பார்க்க வைத்தான். அவர்கள் இடிக்க இடிக்க இவன் ஆட்கள் அடைத்தார்கள். கல் குறைந்தது. ஆறு பேரைக் கல்லுக்கு அனுப்பினான். அனுப்பிய கையோடு, யாரும் சொல்லாமலே, விரல் போய் ஒரு வீட்டைக் கட்டியது. கட்டிய பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

அந்த நெருக்கடியில்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கோபுர வாசலைத் தாண்டி இன்னொரு வாசல், ஒரு மதிலைத் தாண்டி இன்னொரு மதில் என்று பார்க்கிறவன். வெளிமதில் விழுவதற்குள், கோயிலையும் களஞ்சியத்தையும் சுற்றி உள்ளே இன்னொரு மதிலை எழுப்பினான். இது சௌமியா சொல்லிக் கொடுக்காத பாடம்.

வடக்குப் பக்கம் உடைந்தது. குதிரைகள் திமுதிமுவென்று உள்ளே புகுந்து அப்படியே நின்றன.

"அண்ணே, என்ன இது? உள்ள இன்னொன்னு இருக்கு!" என்றான் சித்தார்த்தன்.

"சௌமியா, உள்ள வந்துட்டாங்க!"

"எத்தன பேரு?"

"எல்லாரும்! செவப்பு, பச்ச, எல்லாமே இங்கதான் நிக்குது!"

"அப்ப சித்து ஊருல ஒருத்தனும் இல்ல." அவள் குரல் சட்டென்று தாழ்ந்தது. "இன்னும் ரெண்டே நிமிஷம்டா. விட்றாத."

அவன் விடவில்லை. திரையின் மூலையிலிருந்த சின்ன வரைபடத்தில் நீலப் புள்ளிகள் ஆற்றைச் சுற்றி ஓடுவது தெரிந்தது. சௌமியாவின் ரதங்கள். சித்தார்த்தன் "ஐயையோ" என்று படையைத் திருப்பியபோது அவன் ஊர் பாதி எரிந்திருந்தது. தனியாக மாட்டிக்கொண்ட அஜித்தும் சிறிது நேரத்தில் கைதூக்கினான்.

ஆட்டம் முடிந்து திரையில் நேரக் கணக்கு வந்தது. தாயுமானவன் தாங்கி நின்றது பத்தொன்பது நிமிடம். சௌமியா நாற்காலியிலிருந்து குதித்து அவன் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"இன்னொரு ஆட்டம்! இப்பவே!" என்றான் சித்தார்த்தன்.

அதில் அவர்கள் மதிலுடைக்கும் கவண்களோடு வந்தார்கள். இரண்டு மதிலும் நொறுங்கின. தாயுமானவன் ஊர் பதினேழாவது நிமிடத்திலும் சௌமியாவின் ஊர் அதற்குப் பின் சற்று நேரத்திலும் போயின. சித்தார்த்தன் போட்ட கூச்சலில் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைக்க வேண்டியிருந்தது.

மணி ரெண்டரை. வீட்டில் உலை வைக்கவில்லை. ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் போய் உட்கார்ந்தார்கள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் தாயுமானவன் அந்த ஈரத்திலேயே விரலால் ஒரு வட்டம் போட்டான்.

"கவண் வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சா, மதிலுக்கு வெளிய குதிரைய வச்சு அடிச்சிடலாம்ல?"

சௌமியா குனிந்து பார்த்தாள். "அடிக்கலாம். எங்க ஒளிச்சு வைப்பீங்க?"

"இங்க. காட்டுக்குப் பின்னால."

சோற்றுக் கரண்டியோடு வந்தவர் எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்.