கேட்டுப் போனவர்

கிரேஸ் அக்கா ஃபைலும் கையுமாக மாடியேறினால் டூட்டி டாக்டர்களே பேனாவை மூடிக்கொள்வார்கள். கள்ளக்குறிச்சியில், பேர் எதற்கு, ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். நோயாளி எந்த நிலையில் வீட்டுக்குப் போகிறார் என்று எழுத ஃபைலில் ஒரு கட்டம் உண்டு. அதில் டாக்டர்கள் கைக்கு வந்த இங்கிலீஷை எழுதினால் அக்காவுக்குப் பொறுக்காது. பக்கத்து மருந்துக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தினப்படி வேடிக்கை.

"கியூர்டு, ரிலீவ்டு, இம்ப்ரூவ்டு எல்லாம் ஒண்ணுதானக்கா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"கியூர்டுன்னா நோயே போச்சி. ரிலீவ்டுன்னா வலி போச்சி, நோய் அங்கியேதான் இருக்குது. இம்ப்ரூவ்டுன்னா வந்ததுக்கு இப்ப பரவால்ல. இதுகூடத் தெரியாம நீ எப்டிடி மாத்திரை குடுக்கற?"



இந்தப் பிடிவாதம் அவருக்குச் சும்மா வரவில்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம், இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போ என்று அவர் கணவர் லாரன்ஸை வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர்களே தாளில் 'எகெயின்ஸ்ட் அட்வைஸ்' என்று எழுதினார்கள். டாக்டர் பேச்சை மீறிப் போகிறார்கள் என்று அர்த்தம். 'அட் ரிக்வெஸ்ட்', அதாவது கேட்டுக்கொண்டு போகிறார்கள் என்று எழுதியிருக்கலாம். துக்க வீட்டில் கொழுந்தன் அந்தத் தாளை வாசித்தான். அன்றிலிருந்து, புருஷனைப் பாதி வைத்தியத்தில் இழுத்துவந்து கொன்றவள் என்று அக்காவுக்குப் பேர். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவர்தான். அழுதுகொண்டே படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். ஏட்டை மட்டுமா கெடுத்தான்?

போன ஆடி மாதம் வெள்ளிமலைப் பக்கத்து ஊரிலிருந்து வீரமுத்து என்பவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு. நான்காம் நாள் டாக்டர் கையை விரித்துவிட்டார். வீரமுத்துவின் மனைவி சின்னப்பொண்ணுக்கு அதற்குமேல் ஒரே கவலைதான், உயிர் இருக்கும்போதே வீடு சேர்க்க வேண்டும். வெளியே செத்தவரை அவர்கள் ஊருக்குள் விடமாட்டார்களாம். எல்லையிலேயே வைத்து அப்படியே எடுத்துவிடுவார்களாம்.

மணி பதினொன்று. ஆக்ஸிஜனோடு ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. மேனேஜர் எழுதிக்கொடுத்த தாளைக் கிரேஸ் அக்கா நீட்டினார். பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார்கள். இந்த அம்மா கேட்டார்.

"இதுல இன்னா எழுதியிருக்குதுங்க?"

அக்கா மறைக்கவில்லை. "டாக்டர் பேச்ச மீறிக் கூட்டிக்கினு போறேன்னு எழுதியிருக்குதும்மா."

"நான் எங்க மீறனேன்? அவருதான கூட்டிக்கினு போன்னாரு. நாளைக்கு எம் புள்ளைங்க படிச்சிப் பாத்தா இன்னா நெனைக்கும்? நான் போட மாட்டேங்க."

"நீ போட வேணாம். மாத்திக்கினு வரேன் இரு" என்று அக்கா தாளை வாங்கிக்கொண்டார்.

மேனேஜர் வெங்கடேசன் மாற்ற மாட்டேன் என்றார். "ரெண்டும் வூட்டுக்குப் போறதுதானங்க? நாளைக்குக் கேஸு கீஸுன்னு வந்தா நீங்களா வந்து நிப்பீங்க? வேணும்னா டாக்டர எழுதச் சொல்லுங்க." டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தார். அக்கா அந்தக் கதவோரமே நின்றுவிட்டார்.

நான் போய், "இப்ப கையெழுத்து வாங்கி அனுப்பிடுங்கக்கா. அப்பறமா திருத்திக்கலாம்" என்றேன்.

"அப்பறம் எவனும் திருத்த மாட்டான்" என்றார். அது உண்மை. நான் திரும்பி வந்து மாத்திரை எண்ண ஆரம்பித்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு டாக்டர் வெளியே வந்தார். நின்றபடியே அடித்து 'அட் ரிக்வெஸ்ட்' என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. சின்னப்பொண்ணு தன் பேரை எழுத்துக்கூட்டி எழுதிக்கொடுத்தார். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் கிரேஸ் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஆம்புலன்ஸ் ஓட்டும் தமிழரசன் திரும்பி வந்தான்.

"கரியாலூர் தாண்டனதுமே போயிட்டாருக்கா. இன்னும் ஒரு அரை மணி நேரம் தாங்கியிருந்தா வூட்ல எறக்கியிருப்பேன்."

அக்கா ஃபைலை அலமாரியில் வைத்தார். எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. மேனேஜர் மேல், தியேட்டருக்குள் இருந்த டாக்டர் மேல், அந்த நேரத்தில் இங்கிலீஷ் பார்த்துக்கொண்டு நின்ற அக்கா மேல். ஒன்றேகால் மணி நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என் மேலும்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பேப்பர் வாங்க சின்னப்பொண்ணு வந்தார்.

"எல்லையிலியே வெச்சி எடுத்துட்டாங்கம்மா. கட்டன வூட்டு வாசல மிதிக்காமயே போயிட்டாரு" என்றார். குரலில் யார் மேலும் குறை இல்லை. அதுதான் கேட்க முடியவில்லை. பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஆஸ்பத்திரியில நீங்க ஒருத்தருதான் உள்ளதச் சொன்னீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ரெக்கார்டு ரூமுக்குள் போனார். அந்த அம்மா பஸ் ஏறிப் போன பிறகும் வெளியே வரவில்லை. உள்ளே அழுகிறார் என்று தெரிந்தும் நான் போகவில்லை.

இப்போது அவர் மாடியேறுவதில்லை. டாக்டர்கள் கட்டத்தில் எதை எழுதினாலும் அப்படியே கட்டி அடுக்கிவிடுகிறார். போன வாரம் கச்சிராயபாளையத்து ஆள் ஒருவர், தன் அம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டுத் தாளோடு ஓடிவந்தார்.

"மேடம், இதுல இன்னா எழுதியிருக்குது?"

"வூட்டுக்குப் போறதுக்குத்தான். படிச்சிக்கினு நிக்காத, சீக்கிரம் போடு" என்றார் கிரேஸ் அக்கா.