அம்மா ஓய்வு கேட்கவில்லை

அம்மாவுக்கு அறுபது வயது ஆகவில்லை. ஆனால் அவள் ஆதார் அட்டைக்கு ஆகிவிட்டது. ஆக்கியவன் நான்தான்.

ஊருக்கு ஆதார் எடுக்க வந்தபோது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள். பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் படிவம் நிரப்பினேன். தன் வயது என்னவென்று அம்மாவுக்குத் தெரியாது. வரிசையில் நின்ற பெண்கள் யோசனை சொன்னார்கள்.

"கூட்டிப் போடு கண்ணு. முதியோர் பணம் சீக்கிரமா வந்துரும்."

எல்லோரும் அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள். பார்வைக்கு நாற்பதைத் தொடாத அம்மாவுக்கு நான் ஏழு வயது கூட்டினேன். அம்மாவுக்குப் பெரிய நல்லது செய்துவிட்டதாக அன்று எனக்கு நினைப்பு.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி விடுதியில் அம்மாவுக்குச் சமையல் வேலை. அங்கே புதன்கிழமை என்றால் களி. கொதிக்கிற அண்டாவில் கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி எடுப்பது அம்மாவின் பொறுப்பு. இருநூறு பேருக்குக் கிண்டுவாள். அவளைவிடச் சின்ன வயதுப் பெண்கள் பாதியில் துடுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்குவார்கள்.

போன வருடம் சமையலறையைப் புதிய காண்ட்ராக்டர் எடுத்தார். அவருடைய மேனேஜருக்கு என் வயதுதான் இருக்கும். ஒருநாள் என்னை வரச்சொல்லி ஒரு தாளை நீட்டினார்.

"பாருங்க பிரதர், அறுபது தாண்டினவங்கள வச்சிக்கக்கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. அம்மாவே ஓய்வு வேணும்னு கையெழுத்துப் போட்டா ஒரு பங்ஷன், சால்வ, போட்டோ. இல்லன்னா மாசக் கடைசியில நாங்களே நிறுத்துற மாதிரி ஆயிரும். அது அம்மாவுக்கு அசிங்கம் இல்லீங்களா? நீங்க படிச்சவரு, எடுத்துச் சொல்லுங்க."

அசிங்கம் என்ற சொல் எனக்குள் இறங்கிவிட்டது. வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள் என்று ஊர் பேசும். அதற்கு, சால்வையோடு இறங்கி வருவது மேல். அன்று சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது தாளைப் படித்துக் காட்டினேன். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் ஓய்வு பெறுகிறேன்' என்ற வரி வந்ததும் அவள் கை நின்றது.

"யாரு விருப்பம்?"

"உன் விருப்பம்னுதாம்மா போட்டிருக்கு."

"நான் எப்படா விரும்புனேன்? போவச் சொல்றது அவங்க வேல. அந்த வேலயும் நானே செய்யணுமா?"

"நீயா வந்துட்டா மரியாதையா இருக்கும்மா."

"மரியாதைக்கிப் பொய் சொல்லச் சொல்றியா? ஒருக்கா எழுதுனது பத்தலையா?"

அவள் குரல் உயரவில்லை. மறுபடியும் கீரையை ஆய்ந்தாள். என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய், வயது தவறு, சின்னப் பையனாக இருந்தபோது நான் எழுதிய தவறு என்றேன். அவர் சிரித்தார்.

"சரிங்க பிரதர், பிறந்த சர்டிபிகேட் கொண்டாங்க."

அம்மாவுக்கு ஏது சர்டிபிகேட்? அவள் படிக்கவென்று பள்ளிக்கூட வாசலை மிதித்தது கிடையாது. ஆதாரில் வயதைத் திருத்த மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஏதாவது ஒரு தாள் கேட்டார்கள். அலைந்த இடத்தில் ஒருவர் சொல்லி ஒன்று மட்டும் தெரிந்தது. சொந்த விருப்பம் என்று அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு யாரிடமும் நியாயம் கேட்க முடியாது. கையெழுத்துப் போடாதே என்று அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"இப்பத்தான் படிச்சவன் மாதிரி பேசற" என்றாள்.

அந்த மாதத்தின் கடைசி நாள் புதன்கிழமையாக அமைந்தது. அம்மா என்னையும் வரச்சொல்லியிருந்தாள். நான் போனபோது அண்டாவில் பாதிக் களி கிண்டியாகிவிட்டது. மேனேஜர் ஒரு கையில் சால்வையும் மறு கையில் அந்தத் தாளுமாக வந்தார். போட்டோ எடுக்க ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, துடுப்ப வச்சிட்டு இப்பிடி வாங்க. ஒரே நிமிசம்."

"களி கட்டி விழுந்துரும் தம்பி. இருங்க."

கிண்டி முடிக்கும் வரை அவர் சால்வையோடு நின்றுகொண்டே இருந்தார். முடித்ததும் அம்மா கையை நீட்டிச் சால்வையை வாங்கினாள். போட்டோக்காரர் கிட்டே வந்தார். அம்மா அதை நான்காக மடித்து, அதாலேயே அண்டாவின் ஒரு பக்க விளிம்பைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் புடி புள்ள."

எதிரில் நின்றவள் கரித்துணியால் மறுபக்கம் பிடிக்க, இருவருமாக அண்டாவை இறக்கி வைத்தார்கள்.

"சூடே தெரிஞ்சிருக்காதேக்கா, நல்ல சால்வ!" என்று ஒருத்தி சொன்னாள். சமையலறை முழுக்கச் சிரித்தது.

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு மரியாதை செய்யலாம்னு பாத்தா..."

"மரியாத இருக்கட்டுங்க தம்பி. என்னை எதுக்கு நிறுத்துறீங்கன்னு எழுதிக் குடுங்க. என் மவன் படிப்பான்."

"அதெல்லாம் எழுதித் தர்றது இல்லீங்க."

"அப்ப நான் நாளைக்கும் வர்றேன்."

மறுநாள் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். உள்ளே விடவில்லை. சமையலறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிட வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக "ஏம்மா வெளிய உக்காந்திருக்கீங்க?" என்று கேட்க, அவளும் சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். மூன்றாம் நாள் மத்தியானம் தாள் வந்தது. வயது அறுபது நிறைந்ததால் பணியிலிருந்து நிறுத்தப்படுகிறார் என்று இரண்டே வரி. அடியில் முத்திரை.

"சத்தமாப் படி" என்றாள். வாசலில் நின்றே படித்தேன். வேலையை விட்டு அனுப்பப்பட்டவளின் மகன் என்பதில் அப்போது எனக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லை.

வேலை போய்விட்டது. அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் போகச் சொன்னது யார் என்பது தாளில் இருக்கிறது. திங்கட்கிழமை அந்தத் தாளோடு இருவரும் தருமபுரிக்குப் பேருந்து ஏறினோம், தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க. அங்கே மர பெஞ்சில் உட்கார்ந்து மனுவை நான் எழுதினேன். பெயர், ஊர், செய்த வேலை. அடுத்து வயது. பேனா நின்றுவிட்டது.

"என்னடா?"

"வயசு கேக்கறாங்கம்மா. என்ன போடட்டும்?"

அம்மா என் கையைப் பார்த்தாள்.

"தெரியாதுன்னு போடு. இந்தத் தடவையாச்சும் நெசத்த எழுது."

எழுதினேன்.