பருத்திக் குவியலில் ஒரு தூக்கம்

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு மூத்த மகள் பிறந்தாள். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டு ஊர். மனைவி தாய்வீட்டிலிருந்து மூன்று மாதப் பிள்ளையோடு வந்தபோது பருத்தி எடுப்பு முடிந்திருந்தது. விலை ஏறட்டும் என்று பருத்தியை உள்வீட்டில் இடுப்புயரத்துக்குக் குவித்து வைத்திருந்தேன்.

பிள்ளையை மனைவி ஓலைப்பாயில்தான் போடுவாள். மேலே ஒரு பழைய சேலைத் துணி, அவ்வளவுதான். தலையணை கிடையாது, சுற்றி ஒரு துணி கிடக்காது. பிள்ளையோ கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் முழித்து அழுவாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். வீடு நிறையப் பருத்தி இருக்க, என் மகள் வெறும் பாயில் கிடப்பதா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. பாய் உறுத்தித்தான் அழுகிறாள் என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

ஒருநாள் காலையில் மனைவி பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். நான் பருத்திக் குவியலில் குழி பறித்து, வேறு துணிகூட விரிக்காமல், பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்தேன். என் நெஞ்சில் அப்படிப் படுப்பது அவளுக்குப் பிடிக்கும். தட்டிக் கொடுத்ததும் உறங்கிப்போனாள். பெரிய சாதனை செய்தவன் மாதிரி வாசலில் போய் உட்கார்ந்தேன். குரல் கொடுத்த சேவலைக்கூட விரட்டினேன்.

மனைவி குடத்தோடு வந்தாள். "பிள்ளை எங்க?"

"உள்ள உறங்குதா. பருத்தி மேல போட்டிருக்கேன். அனக்கமே இல்ல, அசையாமக் கெடக்கா."

குடத்தை அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பின்னாலேயே போனேன். பிள்ளையின் முகம் பருத்திக்குள் புதைந்திருந்தது. மனைவி வாரியெடுத்துத் திருப்பினாள். உதடு கறுத்திருந்தது. மூக்கிலும் வாயிலும் ஒட்டியிருந்த பஞ்சை விரலால் வழித்து, முதுகைத் தேய்த்தாள். நான் பேயறைந்தவன் போல நின்றேன். பிள்ளை ஒருமுறை திணறி, பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

பால் கொடுத்து முடித்ததும் மனைவி பிள்ளையைப் பாயில் மல்லாக்கக் கிடத்தினாள். அப்புறம்தான் பேசினாள். "அவ வயிறு எம்புட்டு இருக்கும்? ஒரு எலுமிச்சங்காய் அளவு. பசிச்சா முழிக்கத்தான் செய்வா. முழிக்கட்டும். முழிச்சாத்தான் நமக்கு நிம்மதி."

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளே பருத்தியை வந்த விலைக்கு விற்று, வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அதிலிருந்து பிள்ளை சற்று அசைந்தாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன். அசையாவிட்டாலும் போவேன், மூச்சு வருகிறதா என்று.

ஒரு மாதம் கழித்துக் கயத்தாற்றிலிருந்து மனைவியின் அண்ணன் வந்தார். சாப்பிடும்போது நான் இரண்டு தடவை எழுந்து போய்விட்டு வந்ததைப் பார்த்துச் சிரித்தார். "என்ன தங்கச்சி, பிள்ளை லேசா அனக்கம் காட்டினாலே மச்சான் சோத்தை விட்டுட்டு ஓடுதாவ?"

நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். மனைவி அவர் இலையில் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அவியளுக்குப் பிள்ளைன்னா அம்புட்டு உசுருண்ணே."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.