சோறு கட்டச் சொன்ன கிளி

கிளிக்கு உதடு கிடையாது. நெஞ்சுக்குள்ளிருந்துதான் பேசுகிறது. பொன்னேரியில் லவ் பேர்ட்ஸ் கடை வைத்திருக்கும் பாய் சொன்னது இது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். வாயை மூடிக்கொண்டு வருகிறவர்கள் என் வண்டியில் குறைவு; நான் விடமாட்டேன். கிளிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த பாய் முன்சீட்டில் உட்கார்ந்து சொன்னதுதான். கழுத்தில் வளையம் வந்தால் ஆண், அது வர மூன்று வருஷம் பிடிக்கும். தோளில் சிவப்புத் திட்டு இருந்தால் அது வேறு, பெரிய ஜாதி. தலை மட்டும் நாவல்பழம் மாதிரி இருப்பது இன்னொன்று. எதற்கும் மிளகாய் காரம் உறைக்காது.

"நெறத்த வெச்சு ஜாதி சொல்லிடலாம்பா, கொணத்த சொல்ல முடியாது. ஒண்ணு நாள்பூரா பேசும். அதுகூடப் பொறந்தது சாவுற வரிக்கும் வாயத் தொறக்காது" என்பார்.

எங்கள் அக்கா வீட்டுக் கிளி வளையம் வராத பெட்டை. காற்றில் சாய்ந்த ஒரு பனையின் பொந்திலிருந்து அக்கா புருஷன் எடுத்து வந்தது. பச்சைக்கிளி வளர்ப்பது சட்டப்படி தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அது பறப்பதை விட்டுவிட்டு மாமாவின் தோளில் குடியேறியிருந்தது. பெட்டை பேசாது என்று தெருவே அடித்துச் சொன்னது. ஒரு வருஷம் கழித்து அது பேசியபோது தெரு வாயை மூடிக்கொண்டது.

எங்கள் ஏரியில் இறால் வலை போடும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு வரும் நாளில் சாயங்காலம் நாலு மணிக்கு மாமா ராத்திரி வலைக்குக் கிளம்பி வாசலில் நின்று, "பாடு நம்முதுமே, சோத்தக் கட்டு" என்பார். கரகரத்த குரல், கடைசியில் ஓர் இழுப்பு. கிளி அந்தக் கரகரப்பையும் இழுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. சொல்லும்போது அதன் கண்ணின் கருமணி சுருங்கிச் சுருங்கி விரியும். பாடு இல்லாத நாளிலும் சொல்லும். "இரு நைனா, அரிசி வேவட்டும்" என்று அக்கா அடுப்படியிலிருந்தே பதில் கொடுப்பாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், வாடைக் காற்றில், முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து மாமா போய்விட்டார். அவருடைய பட்டன் போனும் தண்ணீரோடு போயிற்று. போட்டோ இருக்கிறது, இரண்டு மகள்களின் கல்யாணத்தில் எடுத்தவை. குரல் எதிலும் இல்லை. மூன்றாம் நாள், துக்கத்துக்கு வந்த பெண்கள் உட்கார்ந்திருக்க, நாலு மணிக்குக் கிளிக்கூண்டிலிருந்து மாமா பேசினார். சோத்தைக் கட்டச் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

வலைக்கு இறங்க ஆள் இல்லாத வீட்டின் பெயர் பாடு முறையிலிருந்து விழுந்துவிடும். அது எங்கள் ஊர் வழக்கம். அக்கா வீட்டுப் பெயரும் விழுந்தது. "ஊரு உன் பேர எடுத்தாலும் உன் கிளி எடுக்கல பாரு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கேலியா ஆறுதலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அக்கா சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

தப்பு செய்தது நான். "கேக்காத வார்த்தைய கிளி கொஞ்ச கொஞ்சமா விட்டுடும்" என்று பாய் ஒருநாள் போகிற போக்கில் சொன்னார். நான் வண்டியை நேரே அக்கா வீட்டுக்கு விட்டு, "நீ டெய்லி சொல்லிக்கினே இரு அக்கா, இல்லாட்டி மறந்துடும்" என்றேன். அக்கா சொன்னாள். தினமும் நாலு மணிக்குக் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மாமா மாதிரியே கடைசியில் இழுத்து, பத்து தடவை, இருபது தடவை. நண்டு பொறுக்கப் போன நாளிலும் சேற்றுக் காலோடு வந்து சொல்லிவிட்டுத்தான் குளிப்பாள்.

ஏழெட்டு மாதம் இருக்கும். ஒருநாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "பாடு நம்முதுமே, சோத்தக் கட்டு" என்று அக்கா சொல்வது கேட்டது. உள்ளே போனேன். அக்கா இல்லை. பின்பக்கம் குழாயடியில் நண்டு அலசிக்கொண்டிருந்தாள். கூண்டில் கிளி ஒற்றைக் காலில் நின்று என்னைப் பார்த்தது. மறுபடியும் சொன்னது. அதே வார்த்தை, அதே இழுப்பு. குரல் மட்டும் அக்காவுடையது.

மறுநாள் பாயிடம் கேட்டேன்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"அக்காதான். நான்தான் பாய் சொல்லச் சொன்னேன்."

"கிளி பேசறது நமக்காக இல்லப்பா. கூட்டத்துல ஒண்ணா இருக்கத்தான் பேசுது. யாரு கூட கீதோ அவங்க சத்தம்தான் அதுக்கு ஊரு. இப்ப அந்த வீட்ல கூட்டம்னா உங்க அக்கா ஒருத்திதானே."

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சுற்றினேன். அவளே கேட்டுவிட்டாள். "டேய், பொய் சொல்லாத. அது அவரு கொரலா, என்னுதா?"

"உன்னுதுதான்க்கா."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா வீட்டுக்குள் பேசுவதை நிறுத்தினாள். தன் சத்தம் நின்றால் பழைய சத்தம் மேலே வரும் என்று நினைத்தாள். என்னிடம் பேச வேண்டுமென்றால் தெருவுக்கு வந்து, ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். போன் வந்தால் கரைக்கு எடுத்துப் போவாள். கிளி முதலில் அவள் குரலில் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை. பிறகு விசிலடித்தது, குக்கர் மாதிரி சத்தம் கொடுத்தது, கூண்டுக் கம்பியைக் கடித்தது. அப்புறம் அதுவும் பேசவில்லை.

இரண்டு மாதத்தில் அதன் நெஞ்சில் ரோசா நிறத் தோல் தெரிந்தது. தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தது. மிளகாயைக் காலில் வாங்கி, பிடித்தபடியே நிற்கும், தின்னாது. நான் செல்போனில் படம் எடுத்துப் போய் பாயிடம் காட்டினேன். "தனியா கீதுன்னு நெனச்சிக்கிச்சு. யாராவது பேசணும், இல்லாட்டி தாங்காது" என்றார்.

அக்காவைத் தெருவுக்குக் கூப்பிட்டு அப்படியே சொன்னேன். அவள் உள்ளே போனாள். நான் வாசற்படியில் நின்றேன். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். வெகுநேரம் அதன் வெறும் நெஞ்சையே பார்த்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். இன்றைக்கு ஏரியில் தண்ணீர் வற்றிக் கிடக்கிறது என்றாள். சின்ன மகள் போன் பண்ணினாள் என்றாள். நண்டு கடித்த விரலைக் காட்டினாள். கிளி தலையைச் சாய்த்துக் கேட்டது. மணி நாலாகியிருந்தது. மாமா சொன்னதை மட்டும் அவள் சொல்லவில்லை.